பின்பால் மெஷின் ஒழுங்காக ஓடிய குற்றம்

போன வெள்ளிக்கிழமை காலை வண்ணார்பேட்டை சிக்னலில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு லோடு ஆட்டோவின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே நாலரை அடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. தூசி படாமல் இருக்க அதன்மேல் என்னுடைய வெள்ளை வேட்டி. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருக்கிறது. இரண்டு பேரும் பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை... பாவம், அவர் வேறு என்னதான் நினைப்பார்?

"யாரு அண்ணாச்சி?" என்று பைய கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவர் கும்பிட்டார். நானும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பின்பால் மெஷின். முழுக்க முழுக்க எங்கள் வீட்டு மாடியில் செய்தது. இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷ புராஜெக்ட் தேர்வுக்கு அதைக் கொண்டு போய்க்கொண்டிருந்தோம். அந்த மெஷின் மீது ஒரு பெரிய குற்றச்சாட்டு இருந்தது. ஒழுங்காக ஓடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் ஜனனியும் அவளுடைய தோழி பெனிட்டாவும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறார்கள். பெனிட்டா கடற்கரைக்காரப் பெண். அப்பா விசைப்படகுகளுக்கு எஞ்சின் மெக்கானிக். ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று பெயர்தான், சனி ஞாயிறு எல்லாம் எங்கள் வீட்டில்தான். நானும் என் மனைவி கோமதியும் அவளுக்கு அங்கிள், ஆன்ட்டி.

பின்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்வாக ஒரு பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு இரும்புக் குண்டு சர்ரென்று மேலே ஏறும். இறங்கி வரும்போது முளைகளில் முட்டும், குழிகளில் விழும், குழி அதை வெளியே தள்ளும், ஒவ்வொன்றுக்கும் பாயின்ட். கீழே வந்து காணாமல் போவதற்குள் இரண்டு பட்டனைத் தட்டி, இரண்டு சின்னத் துடுப்புகளால் அதை மறுபடி மேலே விரட்ட வேண்டும். துடுப்பு என்று பெயர் வைத்தது பெனிட்டா. ஆட்டம் அவ்வளவுதான். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டால் பதில் கிடையாது.

கேட்டார்கள். காலேஜில் அவர்களுடைய புராஜெக்டுக்குப் பொறுப்பான கைடு, முதல் கேள்வியே அதுதான் கேட்டார்.

"சோஷியல் யூஸ் என்னம்மா?"

அவர் மேல் தப்பில்லை. அந்தக் காலேஜில் மற்ற குழுக்களின் தலைப்புகளைப் பார்த்தீர்களென்றால் நாடே கண்ணீர் விடும். பாதிப் பேர் விவசாயியைக் காப்பாற்றுகிறார்கள். மீதிப் பேர் பார்வையற்றவர்களுக்குக் கைத்தடி செய்கிறார்கள். எல்லாத் தலைப்பும் 'ஸ்மார்ட்' என்றுதான் ஆரம்பிக்கும். காலேஜ் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஆற்றுப் பாசனத்து வயல். அங்கே மண்வெட்டியோடு நிற்கிற விவசாயியை ஒரு குழுவாவது எட்டிப் பார்த்திருக்குமா? அவர் பாட்டுக்கு மடையைக் காலால் திறந்து, காலால் அடைத்துக்கொண்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் அவரை வருஷா வருஷம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் கைடே ஒரு வழி சொன்னார். புராஜெக்டை மாற்ற வேண்டாம், தலைப்பை மாற்றினால் போதும். அப்படித்தான் பின்பால் மெஷின், 'சென்சார் அடிப்படையிலான முதியோர் கை-கண் ஒருங்கிணைப்புப் பயிற்சிக் கருவி' ஆனது.

ரிப்போர்ட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. 'கருவி ஒரு முதியவரிடம் நான்கு மாதம் பரிசோதிக்கப்பட்டது.'

அந்த முதியவர் நான்தான். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இதைப் படிக்கிற யாராவது என்னைப் பார்த்து முதியவர் என்று சொல்வீர்களா? வேண்டாம், பதில் எழுத வேண்டாம்.

சாமான் சேர்த்த கதை தனி. கதவுப் பூட்டிலிருந்து காந்தச் சுருள், பழைய கட்டிலிலிருந்து பலகை, பேட்டை எஸ்டேட்டில் ஒரு பேரிங் கடையில் குண்டு. ஸ்பிரிங் கம்பியைக் கடைய சுடலைமுத்து அண்ணாச்சியின் லேத் பட்டறைக்குப் போனோம். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு ஆகும்?"

"விளையாடதுக்கு அண்ணாச்சி" என்றாள் பெனிட்டா. அவளுக்குப் பொய் வராது.

"விளையாடதுக்கா! எத்தனையோ வருசமா காலேஜ் பிள்ளைய வருது. எல்லாவனும் வெளிய பாக்க பளபளன்னு இருக்கணும்பான். உள்ள ஓடணும்னு கேட்டு வந்தது நீங்க ரெண்டு பேருதான், பாத்துக்கிடுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏன்வே, ஓடுனா காலேஜ்ல ஒத்துக்கிடுவானா?"

அன்றைக்குச் சிரித்தேன். மனுஷர் ஜோசியம் சொல்லியிருக்கிறார்.

சுருள் இரண்டு தடவை புகைந்தது. ஜனனி எழுதிய புரோகிராம் ஒரு குண்டுக்கு ஒரு தடவை எண்ணாமல் ஏழு தடவை எண்ணியது. பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வயரையும் பிரித்து மறுபடி ஈயத்தால் பற்ற வைத்தாள். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஓடியது. நான் பெற்ற பிள்ளை முதல் தடவை நடந்ததைப் பார்த்தபோது கூட இவ்வளவு கத்தவில்லை. அப்புறம் என்ன? இந்தப் பத்தி இரண்டு வாரம் தாமதமாகப் போனதற்கு வைரல் காய்ச்சல் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. வீட்டிலேயே அதிக ஸ்கோர் கோமதியுடையது. குழம்புக் கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டே எடுத்த ஸ்கோர். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

மார்ச்சில் இரண்டாவது ரிவ்யூ. காலேஜ் ஆசிரியர்கள் நாலு பேர் முன்னால் மெஷினை வைத்தார்கள். ஸ்விட்ச் போட்டார்கள். குண்டு ஓடியது, துடுப்பு அடித்தது, விளக்கு எரிந்தது, ஸ்கோர் ஏறியது. ஒரு தடங்கல் இல்லை.

ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் பேனாவை மூடினார்.

"எந்த சென்டர்ல வாங்கினீங்க?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெடிமேட் புராஜெக்ட் விற்கிற கடைகள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. பெட்டி, ரிப்போர்ட், கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலம்.

"நாங்களே செஞ்சது சார்" என்றாள் ஜனனி.

"எங்க சர்வீஸ்ல எத்தனை புராஜெக்ட் பாத்திருக்கோம்! பிள்ளைகளே செஞ்சதுன்னா எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்லா? இது பாட்டுக்கு ஓடுது. அப்ப எப்படி நம்புறது?"

செய்ததற்கு போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. கை முழுக்க பசையும் ஈயமுமாக இருக்கிறபோது யார் போன் எடுப்பார்கள்? வாங்கியவர்களிடமோ முழு ஆல்பம் இருந்தது. அதுவும் கடைக்காரர்களே எடுத்துக் கொடுப்பார்களாம். ஒரு போட்டோவில் ஒரு பையன் சால்டரிங் அயர்னைச் சுடுகிற முனையில் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். சுடலைமுத்து அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூட்டி வரவா என்று ஜனனி கேட்டிருக்கிறாள். "பட்டறை வச்சிருக்காரா? அப்ப அவர்ட்டதான் வாங்கியிருக்கீங்க" என்று முடித்துவிட்டார்கள்.

கடைசித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் நிரூபியுங்கள். இல்லையென்றால் 'வாங்கிய புராஜெக்ட்' என்று எழுதி ஃபெயில் போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி. இதுதான் தீர்ப்பு.

ஜனனிக்கு ஆறு மாதம் போனால் என்னிடம் திட்டு வாங்குவாள், அதோடு போச்சு. பெனிட்டாவுக்கு அப்படியில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கிற ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும், பாஸ் செய்த சான்றிதழோடு. அந்த வேலை ஆறு மாதம் வாசலில் நின்று காத்திருக்குமா? அவள் அப்பா ஏற்கெனவே கடற்கரையில் படகு படகாக ஏறிச் சொல்லி முடித்திருந்தார்.

"அங்கிள், நாங்க செஞ்சத நாங்கதான் செஞ்சோம்னு எப்படி அங்கிள் காட்டுதது?" என்று ஒரு நாள் கேட்டாள். எழுத்தாளன் அல்லவா, ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருகிறேன். இந்த இடத்தைக் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

புது வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! கம்ப்யூட்டருக்கு விபூதி பூசிய பேங்க் மேனேஜரைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதி, பாராட்டுக் கடிதங்கள் கூட வந்தன. அப்படிப்பட்ட நான்... லோடு ஆட்டோ வாசலில் ஹார்ன் அடிக்கிறது, பெண்கள் இரண்டு பேரும் கீழே கயிறு தேடுகிறார்கள், மாடியில் மெஷினும் நானும் மட்டும். எங்கள் ஊரில் மிக்ஸி கூட பொட்டு வைக்காமல் முதல் சட்னி அரைத்ததில்லை. இதை மட்டும் மொட்டை நெற்றியோடு பரீட்சைக்கு அனுப்புவதா?

பூஜை அறையில் போய் சந்தனத்தைக் குழைத்தேன். குங்குமம் எடுத்தேன். வெளியே வைத்தால் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கண்ணாடியைத் தூக்கி, நட்ட நடுவில் இருந்த போனஸ் குழிக்குள் பார்த்தேன். மிளகு அளவில் இரண்டு பல்புகள், இரண்டு சின்னக் கண்கள் மாதிரியே. மெஷினுக்கு நெற்றி என்று ஒன்று உண்டென்றால் இதுதான் என்று முடிவு கட்டி, பட்டையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

அந்தக் கண்கள்தான் சென்சார் என்று எனக்குத் தெரியாது. நாலு மாதம் விளையாடியவன், குண்டு விழுந்தது மெஷினுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டதில்லையே!

காலேஜில் மெஷினை உள்ளே தூக்கி வைத்தேன். அழுக்குச் சட்டை, தோளில் கயிறு. லோடு ஆட்டோக்காரர் என்று நினைத்து யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பிரபல பத்தி எழுத்தாளர் மறுப்பு எதுவும் தெரிவிக்காமல் மூலையில் நின்றுகொண்டார்.

எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்மார்ட் நீர்ப்பாசனம். தண்ணீர் வரவில்லை. "நெட் ஸ்லோ சார்" என்றார்கள். "கான்செப்ட் நல்லாருக்கு" என்று துறைத் தலைவர் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்து நாங்கள். வெளியூர்த் தேர்வாளர் ஒரு மேடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஜனனி ஸ்விட்சைப் போட்டாள்.

குண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கை யாரும் தொடவில்லை. ஸ்கோர் ஏறுகிறது! பத்து, இருபது, முப்பது... போனஸ் குழி இல்லாத குண்டை டக் டக் என்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளத் தள்ள ஸ்கோர் ஏறுகிறது. ஆடாமலே பாயின்ட் வாங்குவது நம் நாட்டில் புதிதில்லைதான். ஆனால் அதை இவ்வளவு பச்சையாக நான் பார்த்ததில்லை.

ஜனனியின் முகம் வெளுத்துவிட்டது. துறைத் தலைவர் முகத்தில் என்ன தெரிந்தது சொல்லுங்கள் பார்ப்போம்? நிம்மதி. மூடிய பேனாவைத் திறந்தார்.

"அட, கோளாறு ஆகுதே!"

எனக்கோ எது எங்கே என்று தெரியாவிட்டாலும் யாரால் என்று தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணுடைய வேலையை ஒரு விரல் சந்தனத்தால் அழித்துவிட்டேனே! ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா? தோளில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.

பெனிட்டா பதறவில்லை. ஸ்விட்சை அணைத்தாள். கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். மறுபடி போட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள்.

"இந்தக் குழி மட்டுந்தான் அடிக்கி. மத்தது எல்லாம் சும்மா இருக்கு. அப்ப புரோகிராம் சரி, சென்சார்தான்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

குழியின் வயரைப் பிடுங்கினாள், சத்தம் நின்றது. செருகினாள், ஆரம்பித்தது. போனை எடுத்து கேமரா வழியாகக் குழிக்குள் பார்த்தாள். சென்சார் விடுகிற ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, சில போன் கேமராவுக்குத் தெரியுமாம். விரலை விட்டுத் துழாவினாள். விரல் மஞ்சளும் சிவப்புமாக வெளியே வந்தது. மோந்து பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து, மூலையில் நின்ற லோடு ஆட்டோக்காரரை நேராகப் பார்த்தாள்.

"என்னம்மா அது?" என்றார் மேடம்.

"சந்தனம் மேடம்."

"யார் வச்சது?"

நான் கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்ல வச்சிருக்காங்க மேடம். புது மெஷின்லா" என்றாள் பெனிட்டா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஒரு பல்பு ஒளியை விடும். குண்டு வந்தால் அது பட்டுத் திரும்பும், இன்னொரு பல்பு பிடிக்கும். சந்தனமும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் எந்நேரமும் குழிக்குள் குண்டு இருக்கிறது என்று மெஷின் நம்பிவிட்டது.

"இப்படி மறுபடி ஆகாம இருக்க என்ன செய்வே?"

"மூணு தடவை தள்ளியும் குண்டு போகலைன்னா தள்ளாதே, பாயின்டும் குடுக்காதேன்னு ஒரு வரி எழுதணும் மேடம்."

"எழுது பாப்போம்."

ஜனனிக்கு அதற்குள் உயிர் வந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்து அங்கேயே எழுதி ஏற்றினாள். பெனிட்டா சுட்டு விரலைக் குழிக்குள் வைத்துக் காட்டினாள். டக், டக், டக். மூன்று தடவை அடித்துவிட்டு மெஷின் பேசாமல் இருந்தது. மேடம் கைப்பையைக் கழற்றி துறைத் தலைவரிடம் கொடுத்தார். ஸ்பிரிங்கை இழுத்தார். அடுத்த குழுவை இருபது நிமிஷம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

"இத செஞ்சவங்களத் தவிர வேற யாராலயும் இப்படிப் பிரிச்சுப் பாக்க முடியாது" என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவரும் ஒப்புக்கொண்டார். அவருடைய காரணம் வேறு. "வாங்குன மெஷின்னா இப்படிக் கெட்டுப் போயிருக்காது மேடம். இது ஒரிஜினல்தான்."

திரும்பி வரும்போது அதே லோடு ஆட்டோ. நான் மன்னிப்புக் கேட்டேன். ஜனனி வீடு வரைக்கும் என்னோடு பேசுவதாக இல்லை. பெனிட்டாதான் சிரித்தாள்.

"அடுத்த மெஷினுக்கு முன்னாடியே சொல்லிருங்க அங்கிள். பொட்டு வைக்கதுக்குன்னு தனியா ஒரு இடம் விட்டுச் செஞ்சிருதோம்."

அதைக் கேட்டபோது கண் கலங்கியது எனக்கு. கொக்கிரகுளம் பாலத்தில் காற்று அடித்தது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவள் அப்பா போன் செய்தார். ஆட்டோ சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, என்னாச்சு?"

"பாஸ் ஆயிட்டம்ப்பா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு மெக்கானிக் பேசினார். "மெஷினு நல்லா ஓடுச்சா?"

"இல்லப்பா. கெட்டுப் போச்சு. அதனாலதான் பாஸ் போட்டாங்க."

"அப்ப நல்லா ஓடியிருந்தா?"

"ஃபெயிலுப்பா."

ஒரு படகு எஞ்சின் தூரத்தில் இருமியது.

"ஏட்டி... நீ வேலைக்குச் சேருத எடத்துல இத சொல்லிராத. அங்கன கிரேனு ஓடணும்."